வைன் பாட்டில் திறக்க எந்த கார்க் ஸ்க்ரூ நல்லது? தக்கை உடையாமல், கை கிழியாமல் திறப்பது எப்படி?

வைன் பாட்டிலை ஷூவுக்குள் நிறுத்தி, சுவரில் 'டொக் டொக்'னு தட்டியே கார்க்கை வெளியே எடுக்கும் வீடியோவை ரீல்ஸில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். வீடியோவில் எல்லாம் சரியாகவே நடக்கும். வீட்டில் செய்து பார்க்கும்போது பாட்டில் உடைந்தால், கண்ணாடி கிழிப்பது பிடித்திருக்கும் கையைத்தான்.

இந்தச் சாகசம் எல்லாம் எதற்கு? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வீட்டில் கார்க் ஸ்க்ரூ இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் அது தக்கையை வெளியே இழுக்காமல் உள்ளேயே குடைந்து தூளாக்கிவிட்டது.

'கார்க் பழசாகிவிட்டது', 'எனக்குக் கையில் பலம் இல்லை' என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பல நேரம் குற்றவாளி கையில் இருக்கும் கருவிதான். கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் கார்க் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவற்றில் நல்லது எது, வீண் எது என்று ஒரு தீக்குச்சியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

தக்கை ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது?

கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை. ஓக் குடும்பத்தைச் சேர்ந்த கார்க் ஓக் மரம், போர்ச்சுகல், ஸ்பெயின் உள்ளிட்ட மேற்கு மத்தியத் தரைக்கடல் பகுதி நாடுகளில் வளர்கிறது. உலகின் கார்க் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்தே வருகிறது.

மரத்தை வெட்ட மாட்டார்கள். பட்டையை மட்டும் உரிப்பார்கள். மரம் நட்டு சுமார் 25 ஆண்டுகள் கழித்துத்தான் முதல் உரிப்பு. அதன் பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. பாட்டிலுக்கு ஏற்ற தரமான பட்டை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும். அதாவது, மரத்துக்கு 40 வயது தாண்டியிருக்கும்.

இந்தப் பட்டையில் காற்று நிறைந்த நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அதனால் அழுத்தினால் சுருங்கும், விட்டால் பழைய அளவுக்கு விரியப் பார்க்கும். சாதாரண வைன் தக்கையின் விட்டம் 24 மில்லிமீட்டர். பாட்டில் கழுத்தின் உள்விட்டமோ சுமார் 18.5 மில்லிமீட்டர்தான். இயந்திரத்தில் வைத்து நசுக்கித்தான் உள்ளே செலுத்துகிறார்கள். உள்ளே போன தக்கை எப்போதும் வெளிப்பக்கமாகக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பிடியை விடுவித்து இழுக்க, சுமார் 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமான விசை தேவைப்படும். ஓர் அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி. அத்தனை விசையும் ஒரு மெல்லிய கம்பி வழியாகத் தக்கைக்குப் போக வேண்டும். அந்தக் கம்பி தக்கையைக் கெட்டியாகப் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? தக்கை அங்கேயே இருக்கும், கம்பி மட்டும் நடுவில் இருப்பதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

துப்பாக்கியில் இருந்து வந்த திருகு

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் உறுதியான கண்ணாடி பாட்டில்கள் தயாராகத் தொடங்கின. பாட்டிலை மூட கார்க் வந்தது. கார்க் முழுவதுமாகக் கழுத்துக்குள் இறங்கிய பிறகு அதை எடுக்க ஒரு கருவி தேவைப்பட்டது.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழலுக்குள் குண்டோ, அடைப்போ சிக்கிக்கொண்டால் அதை எடுக்கச் சுருள் வடிவ இரும்புக் கம்பி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவிதான் கார்க் ஸ்க்ரூவின் மூதாதை என்று கருதப்படுகிறது. பாட்டிலில் இருந்து தக்கையை எடுக்கும் 'எஃகுப் புழு' பற்றி 1681ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சுருளுக்குப் பெயர் 'வார்ம்', அதாவது புழுதான்.

1795இல் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கார்க் ஸ்க்ரூவுக்கு முதல் காப்புரிமை பெற்றார். சுருளுக்கு மேலே ஒரு சின்ன வட்டத் தகடு வைத்தார். சுருள் முழுதாக இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் அழுந்தும். அதற்கு மேல் திருகினால் தக்கையே சுழன்று, கண்ணாடியோடு இருக்கும் பிடி விட்டுப்போகும்.

1882இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வியன்கே, மடக்கக்கூடிய நெம்புகோல் கொண்ட கார்க் ஸ்க்ரூவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுக்க உணவகப் பணியாளர்களின் சட்டைப்பையில் இருக்கும் 'வெயிட்டர்ஸ் ஃப்ரெண்ட்' அதன் வழிவந்ததுதான். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹெர்பர்ட் ஆலன் 'ஸ்க்ரூபுல்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அவர் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளை வடிவமைத்தவர். பூமிக்குள் திருகி இறங்கும் வித்தை தெரிந்தவருக்குத் தக்கைக்குள் இறங்குவது பெரிய விஷயமா என்ன?

இவர்கள் எல்லோரும் தீர்க்க முயன்றது இரண்டு கேள்விகளைத்தான். தக்கையை எப்படிப் பிடிப்பது? பிடித்ததை எப்படி நேராக இழுப்பது? நாம் வாங்கும்போதும் இதே இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை: சுருளுக்கு நடுவே தீக்குச்சி போகுமா?

கார்க் ஸ்க்ரூவில் இரண்டு வகைச் சுருள்கள் உண்டு.

ஒன்று, திறந்த சுருள். பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நீட்டி இழுத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. ஒரே கம்பியைச் சுற்றி வளைத்திருப்பார்கள். நடுவில் வெற்றிடம் இருக்கும்.

இன்னொன்று, நடுத்தண்டு கொண்ட சுருள். மரத்தில் துளை போடும் டிரில் பிட் மாதிரி. நடுவில் ஒரு தடித்த தண்டு, அதைச் சுற்றி மரை.

திறந்த சுருள் தக்கைக்குள் போகும்போது கம்பி அளவுக்கு மட்டுமே வழி ஏற்படுத்திக்கொண்டு இறங்கும். சுருளுக்கு நடுவே இருக்கும் தக்கை அப்படியே முழுசாக இருக்கும். இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றும் தனக்கு மேலே இருக்கும் தக்கையைத் தாங்கித் தூக்கும்.

டிரில் பிட் வகை என்ன செய்யும்? டிரில் பிட்டின் வேலையே துளை போடுவதுதானே! நடுத்தண்டு தக்கையின் மையத்தைக் குடைந்து நொறுக்கிவிடும். புதுத் தக்கை என்றால் எப்படியோ வந்துவிடும். கொஞ்சம் காய்ந்த தக்கை என்றால் துளை மட்டும் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: சுருளின் நுனிப்பக்கத்தில் இருந்து நடுவே ஒரு தீக்குச்சியையோ பல்குச்சியையோ செருகிப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் திறந்த சுருள். வாங்கலாம். குச்சி போக இடமே இல்லை என்றால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

அடுத்து நீளம். தக்கைகள் பெரும்பாலும் 38 முதல் 54 மில்லிமீட்டர் வரை நீளத்தில் வருகின்றன. சுருளில் குறைந்தது 5 சுற்றுகள் இருப்பது நல்லது. 4 சுற்று மட்டும் இருந்தால் நீளமான தக்கையின் கீழ்ப்பாதிக்குப் பிடிப்பே இருக்காது. மேல்பாதி உடைந்து கையோடு வந்துவிடும்.

நுனி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய நுனி தக்கைக்குள் நுழையாமல் அதைக் கீழே தள்ளும். கம்பி வழவழப்பாக இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சில மாடல்களில் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பது போல டெஃப்லான் பூச்சு இருக்கும். உராய்வு குறைவதால் திருகுவது லேசாகும்.

இரண்டாவது சோதனை: எத்தனை படி நெம்புகோல்?

நெம்புகோல் இல்லாத சாதாரண 'டி' வடிவ கார்க் ஸ்க்ரூவில் அந்த 20-40 கிலோ விசையையும் உங்கள் கைதான் கொடுக்க வேண்டும். பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுப்பதெல்லாம் இதனால்தான். திடீரென்று தக்கை விடுபட்டால் கையும் பாட்டிலும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

நெம்புகோல் இருந்தால் வேலை பாதியாகும். ஆனால் ஒரே ஒரு படி உள்ள நெம்புகோலில் ஒரு சிக்கல் இருக்கிறது. தக்கை பாதி மேலே வந்ததும் நெம்புகோலின் கோணம் மாறிவிடும். அதற்குப் பிறகு தக்கையை மேலே தூக்காமல் பக்கவாட்டில் வளைக்கும். அங்கேதான் தக்கை 'டப்'பென்று உடையும்.

இரண்டு படி நெம்புகோலில் இந்தப் பிரச்னை இல்லை. முதல் படியைப் பாட்டில் விளிம்பில் வைத்துப் பாதி தூக்கலாம். பிறகு இரண்டாவது படிக்கு மாறி மீதியைத் தூக்கலாம். இரண்டு தடவையும் தக்கை நேராகவே மேலே வரும்.

எந்த வகை யாருக்குப் பொருந்தும்?

1. இரண்டு படி வெயிட்டர்ஸ் ஃப்ரெண்ட்: சட்டைப்பையில் அடங்கும். ஃபாயில் வெட்ட ஒரு குட்டிக் கத்தி, திறந்த சுருள், இரண்டு படி நெம்புகோல். அவ்வளவுதான். பல மாடல்களில் சோடா மூடி திறக்கும் வசதியும் சேர்ந்தே வரும். விலை அதிகமில்லை, கெட்டுப்போக பேட்டரியோ பல்சக்கரமோ இல்லை. இரண்டு மூன்று பாட்டில் திறந்து பழகினால் கை படிந்துவிடும். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் இதுதான். ஓட்டல், சொகுசுக் கப்பல் வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் பழகிக்கொள்ள வேண்டும். அங்கே விருந்தினர் கண்முன்னால்தான் பாட்டிலைத் திறந்தாக வேண்டும்.

2. இறக்கை வகை: திருகத் திருக இரண்டு கைகளும் மேலே எழும். பிறகு இரண்டையும் அமுக்கினால் தக்கை வெளியே வரும். பல வீடுகளில் இருப்பது இதுதான். பயன்படுத்த எளிது. ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் அந்த டிரில் பிட் சுருள்தான் இருக்கிறது. நீளமான தக்கையை ஒரே அமுக்கில் முழுதாக எடுக்கவும் முடியாது. திறந்த சுருள் உள்ள இறக்கை வகை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

3. தொடர்ந்து திருகும் வகை: ஆலனின் ஸ்க்ரூபுல் இந்த ரகம். பாட்டில் கழுத்தில் ஒரு சட்டகத்தை மாட்டி, ஒரே திசையில் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சுருள் உள்ளே போகும், பிறகு தக்கை தானாகச் சுருள் மேல் ஏறி வரும். இழுக்கவே வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்கள், முதியவர்களுக்கு ஏற்றது.

4. பெரிய நெம்புகோல் வகை: முயல் காது போல இரண்டு கைகள் இருப்பதால் 'ராபிட்' என்றும் அழைக்கிறார்கள். நெம்புகோலை முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்தால் போதும், சில நொடிகளில் தக்கை வெளியே. ஒரே நாளில் நிறைய பாட்டில் திறக்க வேண்டியவர்களுக்கு வசதி. ஆனால் கனம், இடம், விலை மூன்றும் அதிகம். மாற்றுச் சுருள் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

5. மின்சார வகை: பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. கையில் வலு இல்லாதவர்களுக்கு உதவும். ஆனால் சார்ஜ் இல்லாத நேரத்தில் வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். தக்கை உடைவது போல இருந்தால் கை உணர்ந்து நிறுத்தும், மோட்டார் நிறுத்தாது. பழைய பாட்டிலுக்கு வேண்டாம்.

6. இரட்டைத் தகடு வகை: 'ஆ-ஸோ' என்பது இதன் பெயர். சுருளே கிடையாது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மெல்லிய தகடுகளை அசைத்து அசைத்து இறக்கி, முறுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். பல ஆண்டுகள் பாதுகாத்த பாட்டிலில், தொட்டாலே நொறுங்கும் தக்கைக்கு இதுதான் மருந்து. தளர்ந்த தக்கையாக இருந்தால் உள்ளே தள்ளிவிடும் என்பதால் பழக்கம் தேவை.

7. காற்று அடிக்கும் வகை: ஊசியைத் தக்கை வழியாகச் செருகி, உள்ளே காற்றை அடித்துத் தக்கையை வெளியே தள்ளும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சாதாரண வைன் பாட்டில்கள் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஆபத்து. தவிர்ப்பது நல்லது.

பெயரைப் பார்த்து ஏமாறலாமா?

'லாகியோல்' என்ற பெயரில், தேனீ சின்னத்தோடு, மரக் கைப்பிடி போட்ட விலை உயர்ந்த கார்க் ஸ்க்ரூக்கள் விற்கப்படுகின்றன. லாகியோல் என்பது கத்தி தயாரிப்புக்குப் பேர்போன ஒரு பிரான்ஸ் கிராமம். ஆனால் அந்தப் பெயருக்கு நீண்ட காலம் சட்டப் பாதுகாப்பு இல்லாததால், வேறு ஊர்களிலும் நாடுகளிலும் செய்த பொருட்களிலும் அதே பெயர் பொறிக்கப்பட்டது.

உண்மையான கைவினைப் பொருள் அழகானதுதான். பரிசாகக் கொடுக்க ஏற்றதுதான். ஆனால் அந்த விலையில் பெரும்பகுதி கைப்பிடிக்கும் கைவேலைக்கும். தக்கையை எடுப்பது கைப்பிடி இல்லை, சுருள். நல்ல திறந்த சுருளும் இரண்டு படி நெம்புகோலும் உள்ள சாதாரண மாடல் அதே வேலையைச் செய்யும்.

கடையில் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

• சுருளுக்கு நடுவே தீக்குச்சி நுழைகிறதா?

• சுருளில் 5 சுற்று இருக்கிறதா?

• நுனி கூர்மையாக இருக்கிறதா? சுருள் கோணல் இல்லாமல் நேராக இருக்கிறதா?

• நெம்புகோலில் இரண்டு படி இருக்கிறதா? அவை மடங்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா?

• விரித்துப் பிடித்தால் கைப்பிடி உள்ளங்கையில் சரியாகப் பொருந்துகிறதா?

• கத்தி சுலபமாகத் திறந்து மூடுகிறதா? தானாகத் திறந்துகொள்ளும் அளவுக்குத் தளர்வாக இருக்கக் கூடாது.

ஆன்லைனில் வாங்கினால் தீக்குச்சி சோதனை செய்ய முடியாதே? சுருளை அருகில் காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் திறந்த சுருள். தண்டு தெரிந்தால் டிரில் பிட். சுருள் தெரியும் படமே போடவில்லை என்றால் அடுத்த பொருளுக்குப் போய்விடலாம்.

சரியாகத் திறப்பது எப்படி?

படி 1: பாட்டிலை மேசை மேல் நிறுத்துங்கள். மடியில் வேண்டாம். கழுத்தில் இருக்கும் தடித்த வளையத்துக்குக் கீழே ஃபாயிலைச் சுற்றி வெட்டி எடுங்கள். கத்தி போகும் பாதையில் கட்டைவிரல் இருக்கக் கூடாது.

படி 2: தக்கையின் தலையை ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 3: சுருளின் நுனியை மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஊன்றுங்கள். நுனி சுருளின் ஓரத்தில் இருப்பதால், நட்டநடுவில் குத்தினால் சுருள் மொத்தமும் ஓரமாகப் போய்விடும். பலரும் செய்யும் தவறு இது.

படி 4: சுருளைச் செங்குத்தாக நிமிர்த்தி, கடிகார முள் சுற்றும் திசையில் திருகுங்கள். ஒரு சுற்று மட்டும் வெளியே தெரியும் வரை போதும். தக்கை குட்டையாக இருந்து முழுவதும் இறக்கினால், அடிப்பக்கம் துளைத்து வைனுக்குள் தூள் விழும்.

படி 5: முதல் படியைப் பாட்டில் விளிம்பில் வைத்து, அது நழுவாமல் இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை நேராக மேலே தூக்குங்கள். பாதி வந்ததும் இரண்டாவது படிக்கு மாறுங்கள்.

படி 6: கடைசி அரை சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிட்டு, தக்கையைக் கையால் பிடித்து மெதுவாக அசைத்து எடுங்கள். 'டப்' சத்தம் வந்தால்தான் நன்றாகத் திறந்ததாக அர்த்தம் என்று நினைக்க வேண்டாம். சத்தமே இல்லாமல் எடுப்பதுதான் தேர்ந்த பணியாளரின் அடையாளம்.

தக்கை பாதியில் உடைந்துவிட்டதா?

பதற வேண்டாம். பாதித் தக்கை உள்ளே நிற்கிறது என்றால், சுருளைக் கொஞ்சம் சாய்வாக வைத்து, அழுத்தாமல் மெதுவாகத் திருகுங்கள். கண்ணாடிச் சுவரை நோக்கிச் சாய்வாகப் போகும்போது மீதித் தக்கையில் பிடிப்பு கிடைக்கும்.

அதுவும் முடியவில்லை என்றால் மீதியை உள்ளேயே தள்ளிவிட்டு, சுத்தமான மெல்லிய துணியிலோ டீ வடிகட்டியிலோ வடிகட்டிக்கொள்ளலாம். தக்கைத் துணுக்கு விழுந்ததால் வைன் கெட்டுப்போகாது.

'கார்க் வாடை' என்று சொல்வது வேறு விஷயம். தக்கையில் டி.சி.ஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் வைனில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். ஒரு லட்சம் கோடியில் சில பங்கு கலந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் மணமும் சுவையும் போய்விடும். அதற்குத் திறப்பவரோ கருவியோ பொறுப்பில்லை.

ஷாம்பெயினுக்கு கார்க் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்

இது மிக முக்கியம். ஷாம்பெயின் போன்ற நுரைக்கும் வைன் பாட்டிலுக்குள் சுமார் 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் சுருளை இறக்கினால், தக்கையும் கருவியும் சேர்ந்தே முகத்தை நோக்கிப் பாயலாம். பாய்ந்து வரும் தக்கை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும், கண்பார்வையே பறிபோகலாம் என்று அமெரிக்க கண் மருத்துவ அகாடமி எச்சரிக்கிறது.

சரியான முறை இதுதான். பாட்டிலை நன்றாகக் குளிர வையுங்கள். குலுக்காதீர்கள். யார் முகத்தையும் நோக்காமல் 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு, கட்டைவிரலைத் தக்கையில் இருந்து எடுக்காமல் கம்பிக் கூண்டைத் தளர்த்துங்கள். பிறகு தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். தக்கை மேலே தள்ளும்போது விட்டுவிடாமல் எதிர்த்து அழுத்திக்கொண்டே வெளியே விடுங்கள்.

கையில் கருவியே இல்லை, என்ன செய்வது?

ஷூ வித்தை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? தட்டும்போது உள்ளே இருக்கும் திரவம் அதிர்ந்து தக்கையை மோதித் தள்ளுகிறது. அதே அதிர்வு கண்ணாடியையும் தாக்குகிறது. எந்தத் தட்டில் தக்கை வரும், எந்தத் தட்டில் பாட்டில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லைட்டரால் கழுத்தைச் சூடாக்குவதும் அப்படித்தான். ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் குளிர்ந்திருந்தால் கண்ணாடி விரிசல் விடும். சமையல் கத்தியைச் செருகித் திருப்புவது எல்லாவற்றையும் விட மோசம். கத்தி வழுக்கினால் பாட்டிலைப் பிடித்திருக்கும் கையில்தான் இறங்கும். விரல்களை அசைக்கும் தசைநாண்கள் அங்கே தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன.

வேறு வழியே இல்லையா? பாட்டிலைத் துண்டால் சுற்றி, தரையிலோ சிங்க்கிலோ நிறுத்தி, மரக்கரண்டியின் காம்பால் தக்கையைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளலாம். வைன் கொஞ்சம் பீய்ச்சி அடிக்கும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் கறை படலாம். கையில் தையல் போடுவதை விட அது எவ்வளவோ மேல். அதுவும் அசையவில்லை என்றால், நாளைக்குக் கருவி வாங்கித் திறந்துகொள்ளலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகு மூடி போட்ட வைன் என்றால் மட்டமா?
இல்லை. கார்க் வாடை பிரச்னைக்குத் தீர்வாக 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு தயாரிப்பாளர்கள் திருகு மூடிக்கு மாறினார்கள். இன்று நியூசிலாந்து வைன்களில் 90 சதவீதத்துக்கும் மேல் திருகு மூடிதான்.

பிளாஸ்டிக் கார்க்குக்கும் இதே கருவி போதுமா?
போதும். கொஞ்சம் அழுத்தமாகத் திருக வேண்டியிருக்கும். இரட்டைத் தகடு வகை இதற்குச் சரிவராது.

மெழுகு பூசிய பாட்டிலை எப்படித் திறப்பது?
மெழுகைச் சுரண்ட வேண்டாம். மெழுகின் மேலேயே சுருளை இறக்கி, பாதி தக்கை வந்ததும் விளிம்பில் உள்ள மெழுகுத் துணுக்குகளைத் துடைத்துவிட்டு மீதியை எடுங்கள்.

பழைய பாட்டிலில் ஃபாயிலுக்குக் கீழே வெள்ளைப் பொடி போல இருந்தால்?
அந்தக் காலத்தில் ஈயம் கலந்த ஃபாயில் பயன்பாட்டில் இருந்தது. அமெரிக்காவில் 1996இல் அதற்குத் தடை விதித்தார்கள். பழைய பாட்டில் என்றால் ஃபாயிலை முழுவதும் எடுத்துவிட்டு, கழுத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லலாமா?
அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதிப்படி, கத்தி இல்லாத கார்க் ஸ்க்ரூவுக்கு அனுமதி உண்டு. கத்தி இருந்தால் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். வெயிட்டர்ஸ் ஃப்ரெண்டில் பெரும்பாலும் கத்தி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், பெட்டியில் வைத்துவிடுவதே தலைவலி இல்லாத வழி.

எப்படிப் பராமரிப்பது?
ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி வையுங்கள். சுருளை ஆணி பிடுங்கவோ டப்பா திறக்கவோ பயன்படுத்த வேண்டாம். ஒரு தடவை வளைந்த சுருள் திரும்ப நேராகாது. அதன் பிறகு அது எடுக்கும் ஒவ்வொரு தக்கையும் கிழிந்துதான் வரும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார்க் ஸ்க்ரூ இருக்கிறதா? அடுத்த விருந்து வரைக்கும் காத்திருக்காமல் இன்றே எடுத்து, ஒரு தீக்குச்சியைச் செருகிப் பாருங்கள். உள்ளே போகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

(எச்சரிக்கை: மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)